காலரில் மூன்று புள்ளி

ஐம்பதுகளின் நடுவில் ஓசூர் டிஸ்பென்சரி ஒன்றில் நான் கம்பவுண்டர். டாக்டர் கேம்ப் போகும் நாட்களில் சிரங்கு, படர்தாமரையெல்லாம் என் பொறுப்பு. அப்படி ஒரு நாளில்தான் முனியப்பா வந்தார். பாகலூர் பஸ்ஸில் கண்டக்டர். பின்கழுத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவந்து, நீர் கோத்து, அரித்தது. வட்டமாக இருந்ததால் படர்தாமரை என்று முடிவு செய்தேன். ஜாடியிலிருந்து ஆயின்மென்ட் எடுத்துக் கொடுத்து, அழுத்தித் தேய்க்கச் சொன்னேன்.

பத்து நாளில் திரும்பி வந்தார். தோல் உரிந்து, இடம் அடுப்புக்கரியாகக் கறுத்திருந்தது. கறுப்பு போக எலுமிச்சம்பழமும் வைத்துத் தேய்த்திருக்கிறார். பஸ்ஸில் ஏறுகிறவர்கள் அவர் கையால் டிக்கெட் வாங்கத் தயங்கினார்கள். பெரிய வியாதி என்ற பேச்சு முதலாளி வரை போய்விட்டது.

"குஷ்டம் இல்லேன்னு டாக்டர் சீட்டு கொண்டா. இல்லேன்னா பையையும் விசிலையும் வச்சிட்டுப் போ" என்றாராம்.

அன்று டாக்டர் இருந்தார். முனியப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, கறுத்த இடத்தை ஊசியால் தொட்டார்.

"சுருக்குங்குதுங்க."

பஞ்சால் தடவினார். அதையும் சரியாகச் சொன்னார். உணர்ச்சி இருப்பதால் குஷ்டம் இல்லை என்ற டாக்டர், சட்டையைக் கழற்றி வாங்கினார். புது யூனிபாரம், வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. காலரின் உட்புறம், துணி மாறாமலிருக்கச் சலவைக்காரர், தோலில் பட்டால் புண்ணாக்கும் சேங்கொட்டைப் பாலால் வைத்த குறி: வரிசையாக மூன்று புள்ளி. முனியப்பாவின் கழுத்தைப் பார்த்தேன். கறுப்புக்குள் இன்னும் கறுப்பாக அதே மூன்று புள்ளி.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "குறி வச்சது டோபி. அதை இவ்வளவு பெரிசாக்கினது நீர்தான்யா."

ஆயின்மென்ட் நின்றது. காலரைப் பிரித்து வேறு தைக்கச் சொன்னார். அரிப்பு அடங்கும்வரை காலமைன் லோஷன், பிறகு தேங்காய் எண்ணெய். வெயில் படக் கூடாது, தேய்க்கவே கூடாது. கறுப்பு எப்போது போகும் என்று முனியப்பா கேட்டார்.

"அஞ்சாறு மாசம். அவசரப்பட்டா இன்னும் கறுக்கும்."

முதலாளி சீட்டைப் படித்துவிட்டு, "நான் படிச்சுட்டேன். பஸ் ஏறுற ஜனம் படிக்குமா?" என்று கேட்டிருக்கிறார். ஒரு வாரம் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார்.

தவறு என்னுடையது. சந்தை நாளன்று நானும் அந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். ஒரு கீரைக்காரம்மா, நீட்டிய டிக்கெட்டை வாங்காமல் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். முனியப்பா பையிலிருந்து, பிரித்தெடுத்த பழைய காலரை எடுத்துக் குறியைக் காட்டினார். பிறகு குனிந்து கழுத்தைக் காட்டினார். அந்தம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன் நைனா, டோபி துணியோட சேத்து உன்னையும் வெளுக்கப் போட்டானா? சரியா வெளுக்கலியே."

பஸ் சிரித்தது. யாரோ கன்னடத்தில் எடுத்துச் சொல்ல, பின்சீட்டும் சிரித்தது. அந்தம்மா டிக்கெட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

மழைக்காலம் முடிவதற்குள் கறுப்பு மங்கிப் போனது. 'குறி கண்டக்டர்' என்ற பெயர் மட்டும் அவர் ரிட்டயராகும்வரை போகவில்லை.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: தோல் கறுத்து ஒருவர் வந்தால், ஜாடியைத் திறப்பதற்கு முன் அவர் சட்டையைத் திருப்பிப் பாருங்கள்.