நந்தகலா படுத்த கொட்டில்

ஓடிப்போனவளாம்! சொல்கிற வாய் கொஞ்சமாவது கூச வேண்டாமா? பட்டப்பகலில், அத்தனை பேரும் முற்றத்தில் நின்று பார்க்க, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போனாள் நந்தகலா. அதற்குப் பேர் ஓட்டமா? எருமைக்குப் பால் வற்றியதும் அவளால்தானாம். அது கிழட்டு எருமை. வற்றாமல் என்ன செய்யும்?

நேபாளத்து அச்சாம் மலையில் எங்கள் ஊருக்கு அவள்தான் சுகாதாரத் தொண்டர். சனிக்கிழமைதோறும் வயசுக்கு வருகிற பெண்களைக் குழாயடியில் கூட்டிவைத்துப் பேசுவாள்.

"என்னடி சிரிப்பு? உங்கம்மாவுக்கு இது வராம இருந்திருந்தா நீங்க எங்கடி இருப்பீங்க? துணியைச் சோப்புப் போட்டு அலசி வெயில்ல காயப் போடுங்க. பாவாடைக்கு அடியில ஒளிச்சு ஈரத்தோட எடுத்துக் கட்டாதீங்க. தீட்டுக் கொட்டில்ல போய்ப் படுக்காதீங்க, வீட்டுக்குள்ளயே படுங்க. சாமி கோவிச்சுக்காது."

பன்சரி என்ற பெண் கேட்டாள்: "சின்னம்மா, அந்த நாள்ல நீங்க எங்க படுப்பீங்க?"

பின்னாலிருந்து இன்னொருத்தி, "எங்க? கொட்டில்லதான்! எங்க வீட்டுக்கே இருமல் கேக்குது" என்றாள். பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். நந்தகலா குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவள் வீட்டுக்குள் படுத்தால் மாமியார் பச்சைத்தண்ணீர் தொடமாட்டாள். வீட்டில் சண்டை வேண்டாமென்று மாதாமாதம் அவளும் அந்த மண் பொந்துக்குள் குனிந்து நுழைந்துகொண்டுதான் இருந்தாள்.

பூஸ் மாதக் குளிரில் பன்சரிக்கு நாள் வந்தது. வீட்டுக்குள்ளேயே படுக்கிறேன் என்று அடம்பிடித்தாள்.

"சொல்லிக் கொடுக்கிறவளே கொட்டில்ல கிடக்கிறா. நீ என்ன மகாராணியா?" என்றாள் அவள் அம்மா.

பன்சரி போனாள். குளிர் தாங்காமல் உள்ளே சட்டியில் நெருப்பு மூட்டி, கதவிடுக்கை வைக்கோலால் அடைத்துக்கொண்டாள். விடிந்து கதவைத் திறந்தபோது புகைதான் வெளியே வந்தது.

நந்தகலாவின் பேச்சைக் கேட்டுச் சாமி கோபித்துப் பெண்ணைக் கொண்டுபோய்விட்டது என்றது ஊர். பன்சரியின் தாய் அன்று சொன்ன வார்த்தையை அவள் வாயில் போட்டது யார் என்று நந்தகலாவுக்குத் தெரியும். அதன்பிறகு சனிக்கிழமைகளில் குழாயடிக்கு எந்தப் பெண்ணும் வரவில்லை.

கோதுமை பழுத்த சமயம் அவள் மகள் ஜுமா பெரியவளானாள். மாமியார் அதற்குள் கொட்டிலைப் பெருக்கிப் புது வைக்கோல் பரப்பிவிட்டாள். நந்தகலாவோ மகளை வீட்டுக்குள் தன் கட்டிலில் உட்காரவைத்தாள்.

"ஏன் அத்தை அழறீங்க?" என்று மாமியாரைக் கேட்டாள்.

"என் பிள்ளை பரதேசத்துல வேலை பாக்குறான்டி. அவனுக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா நீ பதில் சொல்வியா?"

இந்தியாவிலிருந்து புருஷன் போனில் பேசினான். "அம்மா மனசை நோகடிக்காத. கொஞ்ச நாள்தானே, பிள்ளையை அனுப்பு."

"பன்சரியும் கொஞ்ச நாளைக்குத்தான் போனா" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொட்டில் பக்கம் கையை நீட்டினாள். "அவ அங்க போகணும். இல்லன்னா ரெண்டு பேரும் வெளிய போங்க."

நந்தகலா ஒரு கம்பளியை மட்டும் எடுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் முற்றத்தில் கூடிவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் பன்சரியின் அம்மாவும் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். யாரும் வா என்று கூப்பிடவில்லை.

ஜுமா வாசற்படியில் தயங்கினாள். "எங்கம்மா படுக்கப் போறோம்?"

"தெரியலடி" என்றாள் நந்தகலா. கொட்டிலைத் திரும்பிப் பார்க்காமல் படியைத் தாண்டினாள்.