பதில் சொல்லாத டீச்சர்

கோபாலபுரம் அருகே நான் கணக்கு நடத்தும் பள்ளிக்கு, கொஞ்ச காலம் மட்டும் ஒரு வேதியியல் டீச்சர் வந்தார். ஒல்லியானவர், சேலையெல்லாம் சாக்பீஸ் தூள். பிள்ளைகள் கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல், அவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்.

ஒருநாள் அவர் வகுப்பில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். மஞ்சள் தடவிய தாள் சோப்புத் தண்ணீர் பட்டுச் சிவந்திருந்தது. எந்த வகுப்பிலும் வாயே திறக்காத ஒரு பெண் எழுந்தாள்.

“ஆரத்திக்கு மஞ்சத்தண்ணில சுண்ணாம்பு போட்டாலும் சிவக்குதுங்களே டீச்சர். அப்பச் சுண்ணாம்பும் சோப்பும் ஒரே இனமுங்களா?”

டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்தார். “மொதல்ல இவங்ககிட்டக் கேளு கண்ணு.”

வகுப்பே அவளோடு வாதாடியது. அவள் விடவில்லை. மணி அடித்தும் யாரும் எழவில்லை. எனக்கும் போக மனமில்லை.

அந்தப் பெண் இப்போது என் வகுப்பிலும் கேள்வி கேட்கிறாள். பதில் நாக்கு நுனிக்கு வரும்போது, அந்த டீச்சரை நினைத்து வாயை மூடிக்கொள்கிறேன்.