ஒரு கை மாத்திரை

டிப்போக்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் வண்டி வெளியே கிளம்பும் முன் ஆயில், தண்ணீர், காற்று, பேட்டரி என்று அத்தனையையும் ஒரே மூச்சில் பார்த்து, குறைந்ததை நிரப்பி அனுப்புவதுதான் அவர் வேலை. ஒன்றை இப்போது பார்த்து இன்னொன்றை அப்புறம் பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் அவருக்கு மூக்கின் மேல் கோபம் வந்துவிடும். ஓய்வு பெற்றபின் பார்ப்பதற்கு வண்டி இல்லை. வீட்டில் மனைவி இருந்தார்.

மனைவி பாலர் பள்ளியில் ஆயாவாக இருந்தவர். மைதானத்தின் அந்தக் கோடியில் ஓடும் பிள்ளையை இந்தக் கோடியிலிருந்து ஒரு அதட்டலில் நிறுத்திவிடுவார். அப்படி ஒரு குரல். தைராய்டு சரியாகச் சுரக்காத தொல்லை அவருக்கு வெகுகாலமாக உண்டு. விடிந்ததும் வெறும் வயிற்றில் அந்தச் சின்ன மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வீடு கூட்டி, வாசல் கழுவி, பிறகுதான் டீ குடிப்பார். யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. பல் தேய்ப்பது போல அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்ததில்தான் எல்லாம் மாறியது. எலும்பில் வலு இல்லை, கால்சியம் சாப்பிட வேண்டும் என்றார்கள். கையில் மாவுக்கட்டு. அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கக்கூட முடியவில்லை. டிப்போக்காரர் அந்தப் பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். கட்டுப் பிரித்த பிறகும் அதை அவர் திருப்பித் தரவில்லை.

அவர் முறையே தனி. தைராய்டு மாத்திரை, கால்சியம் இரண்டையும் காலையில் ஒரே தடவையாக உள்ளங்கையில் வைத்து நீட்டினார். அப்புறம் முகம் வெளுத்திருக்கிறது என்று இரும்புச் சத்து சேர்ந்தது. பழைய டிரைவர் ஒருவர் சொன்னார் என்று துத்தநாகம். வயதானவர்களுக்கென்றே செய்தது என்று டிவியில் காட்டிய, முழுங்கத் தொண்டையை அகட்ட வேண்டிய அளவுக்கு ஒரு பெரிய மாத்திரை. எல்லாம் ஒரே கையில், ஒரு டம்ளர் தண்ணீரோடு. முடித்ததும் வண்டியைத் தட்டி அனுப்புகிறவர் போல மனைவியின் தோளில் ஒரு தட்டு.

மகள் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். புருஷன், பிள்ளை, கடை என்று மூச்சுவிட நேரமில்லாதவள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து எட்டிப்பார்ப்பாள். அப்பா மாத்திரை கொடுக்கும் அழகைப் பார்த்து, பஸ்ஸுக்குத் தகுதிச் சான்று வாங்குகிற மாதிரி அம்மாவுக்கு எஃப்.சி. எடுக்கிறீங்களா என்று கேலி செய்வாள். அவளுக்கும் அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டும் என்று பின்னால் எத்தனையோ தரம் தன்னையே நொந்துகொண்டாள்.

அம்மாவின் குரல் கம்மத் தொடங்கியது. போனில் பேசும்போது லைன் சரியில்லை என்றே மகள் முதலில் நினைத்தாள். நல்ல வெயிலில் அம்மா போர்வையைத் தேடினார். நடை தளர்ந்தது. பேச்சு நடுவில் அறுந்து போனது. முகம் உப்பியது. அதைப் பார்த்து டிப்போக்காரருக்கு ஒரே பூரிப்பு. சத்துப் பிடித்திருக்கிறது, கன்னமெல்லாம் எப்படி வைத்திருக்கிறது பார் என்று எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். களைப்பு மட்டும் ஏன் போகவில்லை என்று யோசித்து, இன்னொரு சத்து மாத்திரையும் வாங்கி வந்தார். மனுஷனுக்கு மனைவி மேல் அவ்வளவு உயிர். அதைத் தப்புச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

ஒருநாள் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஏற்கெனவே பலவீனமான இதயம், அதைச் சுற்றி நீர் கட்டியிருக்கிறது என்றார்கள். தைராய்டு சத்து இரத்தத்தில் அடியோடு குறைந்திருந்தது, முகம் உப்பியதும் நீர் கட்டியதும் அதனால்தான் என்றார்கள். டிப்போக்காரர் பிளாஸ்க்கில் வெந்நீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில் டாக்டர் வந்து, அம்மா தைராய்டு மாத்திரையை நிறுத்திவிட்டாரா என்று மகளிடம் கேட்டார். அப்பா ஒரு நாள் தவறாமல் கொடுக்கிறாரே என்று அவள் பெருமையாகவே சொன்னாள். எப்படிக் கொடுப்பார் என்பதையும் சொன்னாள். அதைக் கேட்டதும் டாக்டர் விளக்கினார். கால்சியமும் இரும்பும் கூடவே போனால் தைராய்டு மாத்திரையை வயிற்றிலேயே மடக்கிப் பிடித்துக்கொள்ளும், இரத்தத்தில் சரியாகச் சேராது, குறைந்தது நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்றார். இத்தனை நாளும் அந்த மாத்திரை பெரும்பாலும் வீணாகத்தான் போயிருக்கிறது.

கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்த அம்மா தூங்கவில்லை. டாக்டர் நகர்ந்ததும் மகளின் கையைப் பற்றினார்.

"அப்பாகிட்ட சொல்லாத."

"அம்மா..."

"அந்த மனுஷன் தாங்க மாட்டாரு. சத்தியம் பண்ணு."

பண்ணினாள். வேறு என்ன செய்வாள்? அதன்பிறகு நர்ஸ் கொடுத்தாலும் மகள் கொடுத்தாலும் ஒரு வாய்க் கஞ்சி இறங்காது. டிப்போக்காரர் கரண்டியில் எடுத்து ஊட்டினால் மட்டும் அம்மா வாயைத் திறந்தார். அவர் கைக்கு அப்படி ஒரு ராசி என்று பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட. அந்த வாரமே அம்மா போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் டிப்போக்காரர் ஒன்றையே சொன்னார். மாத்திரை ஒரு வேளை தவறியதில்லை, எந்தச் சத்திலும் குறை வைக்கவில்லை, விதி முந்திக்கொண்டது. நீங்கள் பார்த்த மாதிரி யார் பார்ப்பார்கள் என்று வந்தவர்களும் சொன்னார்கள். அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் மகள் அடுப்படிக்குப் போய்க் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.  அப்பா அந்த ஒரு ஆறுதலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடுகிறார் என்று அவளுக்குத் தெரியும். அம்மா அதற்காகத்தான் சத்தியம் வாங்கினார் என்பதும் தெரியும்.

தம்பி தனியாகக் கிடப்பானே என்று டிப்போக்காரரின் அக்கா வந்து தங்கினார். மகளுக்கு அத்தை. சாதுவான மனுஷி, தம்பி எது சொன்னாலும் சரி என்பவர்.

ஒருநாள் காலையில் கடைக்குப் போகிற வழியில் மகள் உள்ளே நுழைந்தாள். அத்தை நாற்காலியில் உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டியிருந்தார். கை நிறைய மாத்திரை. பக்கத்தில் தண்ணீர் டம்ளரோடு அப்பா நின்றிருந்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் கொஞ்சம் களை வந்திருந்தது. அக்காவுக்கும் தைராய்டு இருக்கிறது, இப்போதுதான் தெரிந்தது, இனிமேல் கவலையை விடு என்றார்.

மகள் சட்டென்று குறுக்கே வந்தாள். அத்தையைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள். தைராய்டு மாத்திரையை மட்டும் இப்போது கொடுங்கள், சத்து மாத்திரைகளை நாலு மணி நேரம் கழித்துக் கொடுக்கலாம் என்றாள்.

"எதுக்கும்மா? உங்கம்மாவுக்கு இப்படித்தானே குடுத்தேன்."

ஏதாவது ஒரு பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். புது மருந்து, வேறு கம்பெனி என்று என்னவாவது.  தாமதித்தால் அத்தை விழுங்கிவிடுவார் என்ற பயத்தில் அது தோன்றவில்லை.

"சேர்த்துக் குடுத்தா அந்த மாத்திரை உடம்புல ஒட்டாதுப்பா."

அவர் டம்ளரை மேஜைமேல் வைத்தார். அக்காவின் கையிலிருந்து மாத்திரைகளைப் பொறுக்கித் தன் கையில் போட்டுக்கொண்டார். அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. தம்பி முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். டிப்போக்காரர் அந்த மாத்திரைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். மகள், அம்மாவுக்கு இதயமும் பலவீனம் என்றுதான் டாக்டர் சொன்னார் என்று எதையெதையோ சொல்லிப் பார்த்தாள். அது எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

"உங்கம்மாவுக்கு இது தெரியுமா?"

மகள் ஆமென்று தலையை ஆட்டினாள்.

"எப்போலேருந்து?"

"ஆஸ்பத்திரில சேர்த்த அன்னிக்கேப்பா. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். அடக்கம் செய்த அன்றுகூட நிமிர்ந்து நின்றவர்.

"தெரிஞ்சுமா நான் ஊட்டினா மட்டும் வாயத் திறந்தா?" என்று கேட்டார்.