போயிட்டு வருவா

என் மகளுக்கு இரண்டரை வயது இருக்கும்போது அவளைக் கடலூரில் ஒரு பிள்ளைகள் அறையில் விட்டுவிட்டு நான் ஆசிரியைப் பயிற்சிக்குப் போக வேண்டியிருந்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். என் கணவர் பட்டாளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து அஸ்ஸாம் பக்கம் போயிருந்தார். ரயில் ஏறும் முன் அவர் என்னிடம், "நான் வர்றதும் வராததும் நம்ம கையில இல்ல. நீ படிச்ச படிப்ப மட்டும் விட்டுடாத" என்றார். மஞ்சக்குப்பத்தில் பெண்களுக்கான பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. படிக்க வரும் தாய்மார்களின் குழந்தைகளை வைத்துக்கொள்ள அதே வளாகத்தில் ஓர் ஓட்டுக் கட்டடத்தை ஒதுக்கியிருந்தார்கள். அப்படியொரு ஏற்பாட்டை நான் அதற்குமுன் கேள்விப்பட்டதில்லை.

அதற்கு முந்தைய மார்கழியில் சிதம்பரத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பிறந்தவர்கள் இரட்டையர். இருவரும் பெண்கள். கோயிலுக்கு மேற்கே ஒரு சந்தில், என் கணவருடைய அக்காவின் வீட்டில் நாங்கள் இருந்தோம். நாத்தனார் கைம்பெண். பிள்ளை இல்லாதவர். என் குழந்தைகளை இடுப்பைவிட்டு இறக்கமாட்டார். பேச்சு வந்ததும் இரண்டு பிள்ளைகளும் ஒருவரையொருவர் 'பாப்பா' என்றே கூப்பிட்டுக்கொண்டன. தன்னைச் சொல்வதும் பாப்பாதான். "பாப்பாக்குத் தண்ணி" என்று ஒருத்தி கேட்டால் யாருக்குத் தண்ணீர் வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் கொடுத்துவிடுவோம்.

தேர்த் திருவிழாவுக்காக ஊர் நிறைந்திருந்த சமயம் சின்னவளுக்குத் தொண்டையில் அடைப்பு வந்தது. விடிந்ததும் குதிரை வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வாசலில் பெரியவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நாத்தனார் நின்றார். அது கையை நீட்டி அழுதது. "அழாத கண்ணு. பாப்பா போயிட்டு வருவா. போயிட்டு வருவா" என்று முதுகைத் தட்டினார்.

நான் மறுநாள் வெறுங்கையோடு திரும்பினேன். குழந்தையை உறவுக்கார ஆண்கள் நேராக ஆஸ்பத்திரியிலிருந்தே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சின்னக் குழந்தைகளைப் புதைப்பதுதான் வழக்கம். எந்த இடம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வண்டியிலிருந்து இறங்கியபோது பெரியவள் ஓடிவந்தாள். என் இரண்டு கைகளையும் பார்த்தாள். பிறகு என்னைத் தாண்டி வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

அதற்கப்புறம் சந்தில் குதிரைச் சலங்கை கேட்டால் அவள் வாசலுக்கு ஓடுவாள். நாத்தனார் பின்னாலேயே போய்த் தூக்கிக்கொள்வார். "வருவா கண்ணு, வருவா." நான் சமையலறையில் இருந்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். மறுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வார்த்தையைக் கேட்பது எனக்கும் அப்போது தேவைப்பட்டதோ என்னவோ.

வைகாசி முடிவில் நானும் மகளும் கடலூருக்குக் கிளம்பினோம். ரயிலில் ஜன்னலோரம் உட்காரவைத்தேன். சற்று நேரத்தில் அவள் என் பக்கமாக நகர்ந்து, ஜன்னலை ஒட்டிக் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தாள். பரங்கிப்பேட்டையில் ஏறிய ஓர் அம்மாள் அந்த இடத்தில் கூடையை வைக்கப் போனாள். "பாப்பா" என்று சொல்லி மகள் கூடையைத் தள்ளினாள். அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். நான் வெளியே பார்த்தேன்.

மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு வீட்டின் பின்கட்டில் எங்களுக்கு இரண்டு அறைகள் கிடைத்தன. சின்னவளைப் பார்த்தவர்கள் யாரும் அங்கே இல்லை. அவள் தொட்ட சாமான் எதுவும் இல்லை. இங்கே எல்லாம் அடங்கிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். வந்த இரண்டாம் நாள் மத்தியானம், கடல்காற்று எழும்பும் நேரம், நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அடுத்த அறையில் இரண்டு குழந்தைகள் பேசிக்கொள்ளும் சத்தம் கேட்டது. ஒரு குரல் என் மகளுடையது. இன்னொன்று கொஞ்சம் மெலிந்த குரல், வார்த்தையின் கடைசியில் மூச்சு விடுகிற குரல். சின்னவள் அப்படித்தான் பேசுவாள்.

கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது. எழுந்து போய்ப் பார்த்தபோது மகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு குரலிலும் அவளேதான் பேசிக்கொண்டிருந்தாள். கேள்வி கேட்பாள், பிறகு அந்த மெலிந்த குரலில் பதில் சொல்வாள். நான் அவளை நிறுத்தவில்லை. நிலைப்படியில் சாய்ந்து நின்று கடைசிவரை கேட்டேன். அதற்குப் பிறகு பல மத்தியானங்கள் அந்த நேரத்துக்காக நான் வேலையைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன் என்பதையும் மறைக்கப் போவதில்லை.

பள்ளி திறப்பதற்கு முன் பிள்ளைகள் அறையைப் போய்ப் பார்த்தேன். அதைக் கவனித்துக்கொண்ட பெரிய டீச்சர் வயதானவர், வெள்ளைப் புடவை கட்டியவர். "கொழந்தைகிட்ட சொல்லாம நழுவிப் போயிடாதீங்க. சொல்லிட்டுப் போங்க, சொன்ன நேரத்துக்கு வாங்க. வீட்டுலயே கொஞ்சம் கொஞ்சமாப் பழக்குங்க" என்றார்.

அதன்படி பழக்கத் தொடங்கினேன். தானாக டம்ளரைப் பிடித்துக் குடிக்க, வெளிக்குப் போக வேண்டுமென்றால் சொல்ல, பாயைச் சுருட்ட, எல்லாம் சீக்கிரமே கற்றுக்கொண்டாள். மாலையில் அந்த வளாகத்தின் சுற்றுச்சுவர் ஓரமாக நடத்திக் கூட்டிப்போய், உள்ளே இருந்த பூவரச மரத்தைக் காட்டுவேன். கீழே உதிர்ந்த மஞ்சள் பூவை எடுத்து மடியில் போட்டுக்கொள்வாள். ஒன்றை எனக்குத் தருவாள். ஒன்றைத் தன் இடப்பக்கம் நீட்டுவாள். அது கீழே விழும்.

பிரிந்து இருக்கப் பழக்குவதில்தான் வினை வந்தது. அறைக்கதவுக்கு வெளியே நின்று, "அம்மா போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அவள் அழவில்லை. சத்தமே இல்லாததால் கதவைத் திறந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள், முகம் கறுத்து, உதடு நீலமாக. தூக்கி உலுக்கி, தண்ணீர் தெளித்த பிறகுதான் மூச்சு வந்தது. சின்னவளின் உதட்டில் நான் கடைசியாகப் பார்த்த நிறம் அது.

மறுபடி ஒருநாள் முயன்றேன். அப்போதும் அதேதான் நடந்தது. ஆனால் ஒன்றும் சொல்லாமல் கிணற்றடிக்குப் போனால் பேசாமல் விளையாடிக்கொண்டிருந்தாள். பள்ளியே வேண்டாம், சிதம்பரத்துக்கே திரும்பிவிடலாம் என்று நினைக்கும் அளவுக்கு வந்துவிட்டேன்.

ஒரு மத்தியானம் அவள் ஒரு பித்தளை டம்ளரை எடுத்து என் பழைய துண்டில் சுற்றினாள். குழந்தையைப் போல மார்பில் சாய்த்துக்கொண்டு வாசல்வரை போனாள். அதை வெளியே படியில் வைத்தாள். "போயித்து வதுவா" என்றாள். பிறகு உள்ளே வந்து, கதவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். காற்றில் துண்டு அவிழ்ந்து டம்ளர் உருண்டது. அவள் அசையவில்லை. காத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் வீடுகளில் எல்லோரும் வாசலில் சொல்கிற சொல், என் மகளுக்கு மட்டும் ஒரே ஓர் அர்த்தத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது. அப்படிச் சொல்லிப் போனவர்கள் வருவதில்லை.

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"பாப்பா வரமாட்டா" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நாளிக்கி?"

"நாளைக்கும் வரமாட்டா. இனிமே எப்பவும் வரமாட்டா. உடம்பு சரியில்லாம செத்துப்போயிட்டா."

அந்தச் சொல்லை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மகள் இறங்கிப் போனாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள். அரிசிப் பானைக்குப் பக்கத்தில் பார்த்தாள். சுருட்டி வைத்த பாயை விரித்துப் பார்த்தாள். திரும்பி வந்து என் கன்னத்தைத் தடவிவிட்டு, "அம்மா?" என்று கேட்டாள்.

"அம்மா போவேன். மணி அடிச்சா வருவேன். அம்மாவுக்கு உடம்பு நல்லா இருக்கு" என்றேன்.

மறுநாளிலிருந்து 'போயிட்டு வரேன்' என்பதை விட்டேன். "அம்மா போறேன். மணி அடிச்சா வருவேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவேன். வெளியே நின்று பூஜை மணியை ஆட்டிவிட்டு உள்ளே வருவேன். முதல் தடவை அவள் மூச்சு நிற்கப்போகிறதோ என்று கதவில் காது வைத்து நின்றேன். நிற்கவில்லை. சில நாளில் அவளே மணியை ஆட்டச் சொன்னாள்.

பள்ளி திறக்கும் முன் நாத்தனார் உதவிக்கு வந்திருந்தார். நான் கதவருகே "போறேன்" என்று சொன்னதைக் கேட்டு அவருக்கு முகமே மாறிவிட்டது.

"என்னம்மா பேச்சு இது? ஒரு புள்ளயக் குடுத்துட்டு ஒக்காந்திருக்கோம். வாசல்ல நின்னு போறேன் போறேன்ற. போயிட்டு வரேன்னு சொல்லக் கூடாதா?"

"அது அவளுக்கு ஆவல அண்ணி" என்றேன். டம்ளரைச் சுற்றி வைத்ததைச் சொன்னேன். நாத்தனார் கொல்லையில் போய்ப் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தார். தேய்க்கிற சத்தம் வரவில்லை. நானும் அந்தப் பக்கம் போகவில்லை. சாயங்காலம் குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது, "அத்தை ஊருக்குப் போறேன். ஆடிக்கு வருவேன்" என்று அவளிடம் அவரே சொன்னார்.

முதல் நாள் காலை மகளுக்கு எண்ணெய் தடவித் தலை வாரினேன். முடித்ததும் என் கை பழக்கத்தில் அடுத்த தலைக்காக நீண்டது. சீப்பைக் கீழே வைத்தேன்.

பிள்ளைகள் அறையின் வாசலில் பினாயில் நெடி அடித்தது. புதிதாக வெள்ளையடித்த சுவர். வரிசையாகச் சின்னப் பாய்கள். ஆஸ்பத்திரியில் நான் உட்கார்ந்திருந்த தாழ்வாரமும் இதே நெடிதான். மகளின் கையை நான் எவ்வளவு இறுக்கியிருந்தேனோ, அவள் "வலிக்கி" என்றாள்.

தேவனாம்பட்டினத்திலிருந்து வந்து வேலை பார்த்த ஆயா வெளியே வந்தாள். என்னிடமிருந்து சோற்றுப் பாத்திரத்தை வாங்கித் திறந்து பார்த்தாள்.

"இன்னா டீச்சர், ரெண்டு புள்ளைக்குக் கட்டியாந்திருக்கீங்க?"

அப்போதுதான் பார்த்தேன். தயிர்சோற்றை நடுவில் கோடு போட்டு, இரண்டு பக்கமாகப் பிரித்து வைத்திருந்தேன். எப்போது அப்படிச் செய்தேன் என்று எனக்கு நினைவே இல்லை.

"இன்னொண்ணு இருந்துச்சு" என்றேன். ஆயா பாத்திரத்தை மூடினாள். "குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று மகளின் இன்னொரு கையைப் பிடித்தாள்.

"அம்மா போறேன். மணி அடிச்சா வருவேன்" என்றேன். மகள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, நான் விடுவதற்கு முன்னால், அவளே தன் விரல்களை என் கையிலிருந்து உருவிக்கொண்டாள்.

அன்று வகுப்பில் என்ன நடத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது. வளாகத்தின் அந்தப் பக்கமிருந்து குழந்தைகளின் அழுகை வரும்போதெல்லாம் காது கூர்ந்தது. என் மகளின் அழுகையைத் தேடவில்லை. மற்றவளுடையதைத் தேடிக்கொண்டிருந்தேன். மணி அடித்ததும் ஓடினேன். அறையில் மகள் இல்லை. பாய் காலியாக இருந்தது. பின்பக்கம் ஆயாவின் பேச்சுக்குரல் கேட்டு அங்கே போனேன். கிணற்றடியில் ஆயா அவளுக்குக் கால் கழுவிக்கொண்டிருந்தாள். மகள் என்னைப் பார்த்தாள். உடனே தன் இடப்பக்கம் திரும்பி, "அம்மா வந்துத்தா" என்று தகவல் சொன்னாள்.

மழைக்காலம் வரைக்கும் அந்த இடப்பக்கம் இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவள் நேராகப் பார்த்துப் பேசத் தொடங்கினாள். மற்றப் பிள்ளைகள் அவளுக்குச் சண்டை போடவும் சிரிக்கவும் போதுமானவர்களாகிவிட்டார்கள். மெலிந்த குரல் எந்த மத்தியானத்தோடு நின்றது என்று என்னால் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அடுத்த அறையில் உட்கார்ந்து கேட்டுப் பார்ப்பேன். ஒற்றைக் குரல்தான் வரும். ஒருநாள் ஆயா அவளிடம் விளையாட்டாக, "எங்கடி ஒன் பாப்பா?" என்றாள். "எந்தப் பாப்பா?" என்று கேட்டாள் என் மகள். அவள் நடிக்கவில்லை. ஆயா என்னைப் பார்த்துவிட்டு வேறு பேச்செடுத்தாள். இனி அந்தக் குழந்தை என்னிடம் மட்டும்தான் இருக்கிறாள் என்று அன்று புரிந்தது. எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

யுத்தம் முடிந்து, நான் வேலையில் சேர்ந்த பிறகுதான் என் கணவர் வந்தார். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் அவரை அடையாளம் கண்டுபிடிக்க எனக்கே கொஞ்ச நேரம் ஆயிற்று. அவ்வளவு இளைத்திருந்தார். வண்டியில் மகள் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். அவர் அவளைத் தொடவில்லை, பார்த்துக்கொண்டே வந்தார். அவர் போனபோது இரண்டும் தவழக்கூட இல்லை. ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாது. நாத்தனார் யாரையோ வைத்து அவருக்குத் தெரிவித்த செய்தியில் குழந்தை இறந்தது என்பது மட்டும்தான் இருந்தது. நானும் அதற்கு மேல் எழுதவில்லை. அவரும் கேட்கவில்லை.

கெடிலத்துப் பாலம் ஏறும்போது, தலையை என் பக்கம் சாய்த்து மெதுவாகக் கேட்டார். "இவ பெரியவளா, சின்னவளா?"

இத்தனை நாளும் எந்தக் குழந்தைக்காக அழுகிறோம் என்று தெரியாமலே அவர் இருந்திருக்கிறார்.

"பெரியவ" என்றேன்.

"ஆமா, நான் பெரியவதான்" என்றாள் மகள். "சிலேட்டு வச்சிருக்கேன். இஸ்கோலுக்குத் தனியாப் போவேன்."

அவர் அவள் தலையில் கையை வைத்தார். முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டார். வீடு வரும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.