அப்பா சொன்ன நாற்பது கிலோ

போன சனிக்கிழமை லுசேர்ணில் பனியில் சறுக்கும் ஸ்கீப் பலகைகள் விற்கும் ஒரு கடையில் வைத்து நான் பொய் சொன்னேன். பத்தொன்பது வயது மகள் பக்கத்தில்தான் நின்றாள். பாதை போட்ட சரிவுகள் அவளுக்கு இப்போது போதாதாம். லிஃப்ட் இல்லாத மலையில் நண்பர்களோடு நடந்து ஏறி, மறுபக்கத்தால் சறுக்கி இறங்க வேண்டுமாம். அதற்குப் பிண்டுங் வாங்க வந்திருந்தோம். சப்பாத்தை ஸ்கீயோடு பிடித்து வைத்திருக்கும் பொறியைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள். மலையேறுகிறவர்களுக்கான பிண்டுங்கில் ஏறும்போது குதிக்கால் விடுபட்டு நிற்கும், இறங்கும்போது பூட்டிக்கொள்ளும்.

மகள் தெரிவு செய்தது உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒன்று. முன்னால் இரண்டு ஊசிமுனைகள், பின்னால் ஒரு சின்னக் கட்டை, அவ்வளவுதான். நான் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது அதைப்போல் இரண்டு மடங்கு பாரம். ஆனால் விழுந்தால் முன்னாலும் பின்னாலும் ஒழுங்காகக் கழன்று கொடுக்கும். கழன்ற ஸ்கீ தானாக ஓடிவிடாமல் பிரேக்கும் உண்டு.

“இதைக் காவிக்கொண்டு மலை ஏறப்போறது நானோ நீங்களோ?” என்றாள் மகள்.

கடைக்காரப் பெண் இரண்டுக்கும் நடுவில் ஒன்றை எடுத்து வைத்துச் சமாதானம் செய்தாள். பிறகு மகளின் வயது, உயரம், சப்பாத்தின் நீளம், எப்படிச் சறுக்குவாள் என்பதெல்லாம் கேட்டு எழுதினாள். நிறை எவ்வளவு என்று கேட்டபோது நான் முந்திக்கொண்டு ஐம்பது என்றேன்.

மகள் திரும்பிப் பார்த்தாள். “அம்மா, நான் ஐம்பத்தெட்டு. ஏன் பொய் சொல்லுறீங்கள்?”

நிறையைக் குறைத்துச் சொன்னால் பிண்டுங்கின் திருகாணியை இளக்கி வைப்பார்கள், விழுந்தவுடன் கால் கழன்றுவிடும். அதுதான் என் யோசனை. செங்குத்தில் தேவையில்லாமல் கழன்றாலும் ஆபத்துத்தான் என்று அந்தப் பெண் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். தலையாட்டினேன். ஏன் பொய் சொன்னேன் என்று மகளுக்குச் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. லுசேர்ணை அடுத்த எம்மன்புரூக்கேயில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு லுசேர்ணில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. அந்தப் பனிக்காலம் பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் நிறுத்துப் பார்த்து, வீட்டுக்கு ஜெர்மனில் கடிதம் கொடுத்துவிட்டார்கள். பிள்ளை முப்பத்தொரு கிலோ, வயதுக்குக் காணாது, சாப்பாட்டைக் கவனிக்கவும் என்று இருந்தது. அதை அப்பாவுக்குத் தமிழில் வாசித்துச் சொன்னதும் நான்தான். “ஒரு ஹோட்டலுக்கே சமைச்சுப் போடுறவன்ர பிள்ளை” என்று அவர் குசினிக்குள் அம்மாவிடம் சொன்னது கேட்டது. அன்றிலிருந்து என் புட்டின் மேல் வெண்ணெயும் அதன்மேல் முட்டையும் ஏறின. நிறைதான் ஏறவில்லை.

இரண்டு கிழமையில் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் ஒரு வாரம் ஸ்கீ பழகப் போவதாக இருந்தது. பனியில் சறுக்கி விழுவதற்கு இவ்வளவு ஆயத்தமா என்று அப்பா கேட்டார்தான். ஆனாலும் வகுப்பே போகும்போது தன் பிள்ளை மட்டும் வீட்டில் இருப்பதை அவர் விடமாட்டார். லீவு எடுத்துக்கொண்டு, ஸ்கீ வாடகைக்குக் கொடுக்கும் கடைக்கு என்னைக் கூட்டிப் போனார். இரண்டு வருடம் வளர்ந்தாலும் போடலாம் என்று வாங்கிய குளிர்ச்சட்டைக்குள் நான் எங்கோ இருந்தேன். வரிசையில் மற்றப் பிள்ளைகளும் பெற்றோரும் நின்றார்கள். அந்தக் கடிதத்தில் கையெழுத்து வைத்த ஆசிரியையும் எங்களுக்குப் பின்னால் நின்றார்.

கடைக்காரர் நிறையைக் கேட்டார். நான் அப்பாவுக்கு மொழிபெயர்த்தேன்.

“நாப்பது எண்டு சொல்லு.”

“அப்பா, முப்பத்தொண்டெல்லோ?”

“அது உடுப்பில்லாமல் நிறுத்தது.”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஜெர்மனில் நாற்பது என்றேன். கடைக்காரர் என் குளிர்ச்சட்டையைப் பார்த்து நம்பி, துண்டில் எழுதி, பிண்டுங்கின் திருகாணியை முறுக்கினார். ஆசிரியையின் காதில் விழுந்ததா என்று அப்பா திரும்பிப் பார்த்துக்கொண்டார். அந்த எண் மானத்துக்காகக் கேட்டதல்ல, திருகாணிக்காகக் கேட்டது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

மூன்றாம் நாள் விழுந்தேன். வேகமாகக்கூட இல்லை, பார்த்தவர்கள் சிரிக்கும்படி, மெதுவாக. உடம்பு ஒரு பக்கம் திரும்பியது, ஸ்கீ திரும்பவில்லை. நான் நாற்பது கிலோ என்று நம்பிய பிண்டுங் என் காலை விடாமல் பிடித்துக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது.

அப்பா சமையலறை வெள்ளை உடுப்போடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். ஆசிரியை கடைத்துண்டைக் காட்டி அவரிடம் ஏதோ சொன்னார். வழக்கம்போல நான்தான் கட்டிலில் கிடந்தபடி தமிழாக்கினேன். “நிறை பிழையாம். அதாலதான் கழரேல்லையாம்.” அப்பா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது வைத்தியர் ஊசி மருந்தோடு வந்து, மருந்தின் அளவைக் கணிக்கப் பிள்ளை எத்தனை கிலோ என்று கேட்டார். ஆசிரியை நிற்கிறாரே, அப்பாவின் சொல்லைக் காப்பாற்ற வேண்டாமா? நான் நாற்பது என்றேன்.

“நைன்” என்றார் அப்பா. எனக்காகக் காத்திராமல், எனக்குத் தெரிய முதல் தடவையாக, அவரே ஜெர்மனில் ‘இல்லை’ என்று சொன்னார். முப்பத்தொன்று. வைத்தியர் எழுதி முடித்த பிறகும் இன்னொரு தடவை சொன்னார். அந்தக் குரலுக்கு வெளி நடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அவருக்காகச் சொன்ன பொய்யில் என்னைத் தனியே மாட்டிவிட்டாரே என்று அன்றைக்கு அவரோடு கதைக்கவில்லை.

அதன்பிறகு ஆறு கிழமை, வேலைக்குப் போக முன்னர் தினமும் காலையில் என்னை முதுகில் ஏற்றி மூன்று மாடியும் இறக்கிப் பள்ளிக்கூடத்தில் விட்டார். படி திரும்புகிற இடங்களில் நின்று மூச்சு வாங்குவார். “நிறை கூடியிட்டுது, பிள்ளை” என்பார். நாளுக்கு நாள் அதைக் கூடிய திருப்தியோடு சொன்னார். தொடையிலிருந்து விரல்வரை போட்டிருந்த அந்த வெள்ளை மாவுக்கட்டின் பாரத்தையும் சேர்த்துத்தான் சுமக்கிறார் என்பது அவருக்கு விளங்கவில்லை என்று அன்று நினைத்தேன். பாவம், சந்தோஷப்படட்டும் என்று நானும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.