ஆண்டாளின் சொட்டு மருந்து

கூடத்தில் குஞ்சம்மாளின் ஒப்பாரி உச்சத்துக்கு ஏறியது. "எங்கூடப் பொறந்தவனே..." என்ற அந்தக் குரல் சமையலறைச் சுவரைத் தாண்டி வந்து ஆண்டாளின் நெஞ்சில் அறைந்தது.

இன்று அவள் கணவன் வீரமுத்துவுக்குக் காரியம். ஆண்டாள் உள்ளே அரிசி மூட்டையில் சாய்ந்தபடி, ஒரு சின்ன மருந்துப் புட்டியின் மூடியைப் பல்லால் கடித்துத் திருகிக்கொண்டிருந்தாள். மணலூர்பேட்டை வயல்களில் நாற்று நட்ட விரல்கள் முடக்குவாதத்தில் கோணிப்போய்ப் பல வருஷம் ஆகிறது. பிறகு கண்ணும் கெட்டது. மணலை அள்ளிப் போட்டாற்போல் உறுத்தல், எரிச்சல். மூட்டுகளைத் தின்னும் அதே நோய்தான் கண்ணீரையும் வற்றவைத்துவிட்டது, இனி சொட்டு மருந்துதான் கண்ணுக்கு ஈரம் என்றார் கள்ளக்குறிச்சி டாக்டர். பக்கத்தில் நின்று கேட்டவன் அவள் ஒரே மகன் வெற்றிவேல்.

வீரமுத்துவைத் தூக்கிய அன்று ஆண்டாள் மாரில் அடித்துக்கொண்டாள். தரையில் புரண்டாள். கட்டிப்பிடித்து அழ வந்த பெண்கள் அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். காய்ந்திருந்தது.

இப்போது அண்ணாந்து மருந்தை விட்டாள். கன்னத்தில் வழிந்தது. ஒப்பாரி நின்றிருந்தது. சமையலறை வாசற்படியில் குஞ்சம்மாள்.

"இன்னா அண்ணி, புட்டியிலேர்ந்து ஊத்திக்கினு வந்து அழுவப் போறீங்களா?"

"கண்ணு மருந்து குஞ்சம்மா. கண்ணு காஞ்சி கெடக்குது."

குஞ்சம்மாள் புட்டியைப் பிடுங்கிக் கூடத்தாருக்குத் தூக்கிக் காட்டினாள். "பாத்துக்கோங்க. எங்கண்ணனுக்கு இவங்க அழுவுற அழுவைய மருந்துக் கடையில விக்கிறான்."

யாரோ ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

ஆண்டாள் கூட்டத்தில் நின்ற மகனைப் பார்த்தாள். ஊர் நம்பாவிட்டால் போகட்டும். இவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"டாக்டர் சொன்னத நீயே சொல்லுப்பா."

வெற்றிவேல் அத்தையைப் பார்த்தான். அவள் பின்னால் அவள் மகள் ரம்யா. அவனுக்கு முறைப்பெண், பேசி முடித்த பெண். கல்யாணத்துக்குப் பிறகு அவன் இருக்கப்போவதும் ரிஷிவந்தியத்தில் அத்தை வீட்டில்தான்.

"எனுக்கு ஒன்னும் தெரியாதும்மா."

பொழுது சாய, உறவு கலைந்தது. அத்தையோடு அவள் ஊருக்கே கிளம்பியவன் மட்டும் திரும்பி வந்து புட்டியை அம்மா கையில் வைத்தான்.

"அத்தைக்கு எதிர்ல எப்டிம்மா சொல்றது? ரம்யா விஷயம் கெட்டுப்பூடும்."

ஆண்டாள் அதை அவன் சட்டைப் பையிலேயே போட்டாள். "நான் செத்தா, இத ஊத்திக்கினு வந்து அழுவு. உனுக்குத்தான் தேவப்படும்."

சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் போய்வருகிறேன் என்று சொல்வதில்லை. பெற்ற மகனும் சொல்லவில்லை, யாரோ விருந்தாளி மாதிரி படியிறங்கிப் போனான். கதவைப் பிடிக்க விரல்கள் மடங்கவில்லை. ஆண்டாள் முழங்கையால் இடித்துச் சாத்தினாள்.