கதவில் சாய்த்த கம்பு

கிளாஷாவுக்குத் தன் நிழல் மேலேயே சந்தேகம் என்று ரொட்டி வண்டிக்காரன் சொல்வான். மரம் வெட்டும் முகாமில் பல வருஷம் சமைத்தவள். அங்கே சர்க்கரையைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் தூங்க வேண்டும். புருஷன் போய்ச் சேர்ந்தான், முகாமையும் மூடினார்கள். சந்தேகம் மட்டும் அவளோடு ஊருக்கு வந்தது.

அந்தக் காட்டு ஊரில் இப்போது புகை கிளம்புவது இரண்டே வீடுகளில்தான். ஒன்று அவளுடையது, இன்னொன்று யெர்மிலுடையது. முன்பு வெட்டிய மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டு அனுப்பும் வேலை பார்த்த மனுஷர். ஊரில் வேறு ஆள் இல்லாததால், குளிர்காலத்துச் சூப்புக்காகப் பரணில் தொங்கவிட்ட காளான் சரம் குறையத் தொடங்கியபோது, திருடன் யார் என்று அவள் யோசிக்கவே இல்லை.

போதாததற்கு, வேலியோரம் நின்று யெர்மிலே வாயைக் கொடுத்தார்.

"உன் காளான் வாசம் என் வீடு வரைக்கும் வருது, கிளாஷா."

"வாசத்தோட நிறுத்திக்கிட்டா சரி."

"என்ன சொல்ற?"

"ஒண்ணும் சொல்லலையே. நீ போய் உன் மீன் வலையப் பாரு."

அங்கே யாரும் பூட்டுப் போடுவதில்லை. வெளியே போகிறவர்கள் கதவில் ஒரு கம்பைச் சாய்த்துவிட்டுப் போவார்கள். கம்பு இருந்தால் ஆள் இல்லை, உள்ளே நுழையக்கூடாது. திருடனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும் என்று கிளாஷா பொருமினாள். மறுநாள் காலை கம்பைச் சாய்த்துவிட்டு, யெர்மில் கண்ணில் படும்படி பெர்ரிக் கூடையோடு சதுப்புப் பக்கம் நடந்தாள். பிறகு சுற்றிக்கொண்டு வந்து மாட்டுக் கொட்டில் வழியாக உள்ளே நுழைந்து, அடுப்பு மூட்டாமல், கையில் விறகுக்கட்டையோடு காத்திருந்தாள்.

மதியத்துக்கு மேல் வாசலில் யெர்மிலின் இருமல் கேட்டது. கட்டையை இறுக்கிப் பிடித்தாள். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். அப்புறம் சதுப்பிலிருந்து குரல் வந்தது, காட்டில் வழி தவறியவர்களைத் தேடும் குரல்.

"ஆவூ... கிளாஷா... ஆவூ..."

'நான் இல்லையான்னு ஆழம் பாக்குறான், பழம் தின்னு கொட்டை போட்டவன்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். குரல் கரகரத்துக்கொண்டே போனது.

பரணில் சரசரப்பு. தாவி எழுந்து பார்த்தால் ஒரு அணில், வாயில் காளானோடு கூரை இடுக்கில் நழுவிப் போகிறது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து அடங்கிய பிறகுதான், வெளியே குரல் நின்றுபோயிருந்தது உறைத்தது.

கட்டையைக்கூடக் கீழே போடாமல் சதுப்புக்கு ஓடினாள். யெர்மில் இடுப்பளவு சேற்றில், ஒரு பிர்ச் மரக்கன்றைப் பிடித்தபடி கிடந்தார். கையிலிருந்த கட்டையை நீட்டித்தான் அவரை இழுத்தாள்.

"கம்பு சாத்தியிருந்துச்சு, புகையும் காணோம். சேறு உன்னை விழுங்கிருச்சோன்னு பயந்துட்டேன்" என்றார் மூச்சு வாங்க. பிறகு அவளுடைய கூடையில்லாத கையையும் அந்த விறகையும் பார்த்தார். "எங்க இருந்த?"

"வீட்டுல."

அவர் சேற்றை வழித்துப் போட்டுவிட்டுத் தனியாகவே வீட்டுக்கு நடந்தார்.

பாதிக் காளானைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். ஆனால் அவள் கதவில் கம்பு இருப்பதைப் பார்த்தால் இப்போதெல்லாம், "அவ உள்ளதான் இருப்பா" என்று சொல்லிக்கொண்டு தன் வேலையைப் பார்க்கிறார்.

நிஜமாகவே சதுப்புக்குப் போகும் நாட்களில் கிளாஷா அடிக்கடி நின்று காது கொடுக்கிறாள். யாரும் கூப்பிடுவதில்லை.